கூரைக்குள் கூகை

கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பினேன். ஒரு பிள்ளைகூடக் கரும்பலகையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே தகரக் கூரைக்கும் அதன் கீழே அடித்திருந்த பலகைக்கும் நடுவிலிருந்து ஒரு சீறல் வந்தது. நீளமான, நிற்காத சீறல். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஆவி இரையுமே, அதுபோல.

“பாம்பு டீச்சர்!” என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். பெஞ்சுகள் கவிழ்ந்தன. சிலேட்டு ஒன்று உடைந்தது. கண் மூடித் திறப்பதற்குள் வகுப்பு காலி. நானும்தான் ஓடினேன். நான் விலங்கியல் பட்டதாரி என்பது வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

தலைமையாசிரியர் மரியதாஸ் சார் தோட்டத்து அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினார். ஒருவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடைந்திருந்த பலகையை நகர்த்தி, டார்ச் அடித்து எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் இறங்கிவிட்டார்.

“பாம்பு இல்ல சார். பாம்பா இருந்தா அடிச்சிரலாம்லா,” என்றார். அவர் கை ஏணியை விடவில்லை. “கூகை. குஞ்சு பொரிச்சி வச்சிருக்கு.”

வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்களில் ஒருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தாள். தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளின் நீண்ட வரிசைக்கு லயம் என்று பெயர். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும்.

மறுநாள் காலை மணி அடித்தபோது ஆசிரியர்களும் விவரம் தெரியாத பொடிசுகள் சிலரும்தான் பள்ளியில் இருந்தோம்.

கம்பம் எங்கே இருக்கிறது?

சென்ற வாரம் சென்னையில் விமானம் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். ‘பட்டம் வாங்கின கையோடு ஒரு பெண்ணை எப்படித் தனியாக அனுப்பினார்கள்?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா சரி என்றார், அம்மா அழுதாள், நான் போனேன். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. புதிதாகப் பட்டம் பெற்றவர்களை ஓராண்டுக்கு வெளிநாட்டுப் பள்ளிகளுக்குத் துணை ஆசிரியர்களாக அனுப்பும் கலாசாரப் பரிமாற்றத் திட்டம் ஒன்று இருந்தது. கோவில்பட்டிக்காரியான எனக்கு மலேசியா கிடைத்தது. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில் இறங்கி, பாமாயில் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் உள்ளே போனால் ஒரு தோட்டம். அதன் தமிழ்ப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் என் பொறுப்பு.

இந்தியாவிலிருந்து டீச்சர் வருகிறார் என்றதும் அவர்கள் ஒரு நாட்டியக்காரியை எதிர்பார்த்துவிட்டார்கள். “பரதம் ஆடுவீங்கதானே டீச்சர்?” என்று வந்த அன்றே கேட்டார்கள். எனக்குப் பூப்பந்துதான் வரும் என்றேன். அந்த ஏமாற்றம் தீர ஒரு மாதம் ஆனது. பிறகு சாயங்காலங்களில் பள்ளி முற்றத்தில் வலை கட்டி ஆடினோம். என்னை ‘ஊர்க்கார டீச்சர்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஊர் என்றால் அங்கே தமிழ்நாடு.

எல்லாம் தமிழ்தான் என்று நம்பிப் போனவள் நான். முதல் நாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மா, “பசியாறிட்டீங்களா டீச்சர்?” என்றார். என்னைப் பார்த்தால் அப்படிப் பட்டினி கிடந்தவள் மாதிரியா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காலைச் சாப்பாட்டுக்குத்தான் பசியாறுவது என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது.

ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, “கம்பத்துக்குப் போயிட்டான் டீச்சர்” என்றார்கள். “தேனிப் பக்கம் இருக்கே, அந்தக் கம்பமா? அவ்வளவு தூரமா?” என்றேன். வகுப்பே சிரித்தது. கம்பம் என்றால் மலாய்க்காரர் கிராமமாம். சாலைக்கு அந்தப் பக்கம் அரை மைலில் இருந்தது.

இதே திட்டத்தில் வந்த இன்னொருத்தி யோஷிகோ. ஜப்பானில் படிப்பை முடித்தவள், என் வயதுக்காரி. கோலசிலாங்கூர் நகரத்து இடைநிலைப் பள்ளியில் இருந்தாள். கோலாலம்பூரில் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் மலாய் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் விழுந்து விழுந்து படித்தாள். நான், தமிழர்களுக்கு நடுவில்தானே இருக்கப் போகிறேன் என்ற தைரியத்தில் வகுப்பின் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கூகைக்கு வருகிறேன்.

ஒண்ணு அது, இல்ல நாங்க

பிள்ளைகளை நிறுத்துவதில் முதல் ஆள் அஞ்சலை அக்கா என்று மரியதாஸ் சார் சொன்னார். செம்பனைக் குலை வெட்டும்போது சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கும் வேலை அவருக்கு. மகள் கஸ்தூரி என் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். கணக்கில் அவளை மிஞ்ச அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. அரசாங்கத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்துத்தான் அன்று சாயங்காலமே லயத்துக்குக் கிளம்பினேன்.

அஞ்சலை அக்கா வீட்டுப் பின்புறத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கடலோரத்து ஜெராமிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டுவரும் சீனர் அப்போதுதான் போயிருந்தார். “வாங்க டீச்சர். கோப்பி கலக்கவா?” என்றார் முகம் திருப்பாமல்.

“கஸ்தூரியை அனுப்பிவைங்க அக்கா. பரீட்சை வருது.”

“அனுப்புறேன். அது போகட்டும், அனுப்புறேன். ஒண்ணு அது இருக்கணும், இல்ல எங்க பிள்ளைங்க இருக்கணும்.”

“அது எலி பிடிக்கிற பறவைக்கா. பழத்தைக் கடிக்கிற எலியைத் தின்னட்டும்னு தோட்டமே அதைக் கொண்டாந்து விட்டிருக்கு.”

மீனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

“நீங்க படிச்சவங்க டீச்சர். நான் இல்லன்னு சொல்லல. போன வருசம் இதே மாதிரி ஒண்ணு எங்க கூரை மேல உக்காந்து கத்திச்சு. தெனமும் கத்திச்சு. அவரு கல்லெடுத்து எறிஞ்சாரு. போவல. அந்த வாரமே லோரி கவுந்து அவரக் கொண்டாந்து இந்த வாசல்ல போட்டாங்க.” வாசலைக் கையால் காட்டினார். “இப்ப எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான். நீங்களா இருந்தா அனுப்புவீங்களா?”

எங்கள் வீட்டிலும் கூகை கத்தினால் அம்மா விளக்கேற்றிச் சாமி கும்பிடுவாள். கல்லூரியில் பஞ்சு அடைத்து வைத்திருந்த கூகையைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஆனாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டி இருந்த மூலைக்குத் தனியாகப் போனதில்லை. அந்த நாட்டு மலாய்க்காரர்களும் அதற்குப் புருங் ஹந்து, பேய்ப் பறவை, என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அஞ்சலை அக்காவின் பயத்துக்கு முன்னால் என் பாடப் புத்தகத்தைப் பிரித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவந்தேன்.

பெரட்டுக் களத்து வகுப்பு

மூன்றாம் நாள் நான் பள்ளிக்குப் போனபோது வாசலில் ஏணி சாய்ந்திருந்தது. பக்கத்தில் மண்ணெண்ணெயில் நனைத்த சாக்கு. புகை போட்டுக் குஞ்சுகளோடு விரட்டிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

“சார், குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை முளைக்கல. புகை போட்டா உள்ளேயே செத்துப்போகும்,” என்றேன்.

மரியதாஸ் சார் நல்லவர். எதற்கும் இரண்டு பக்கமும் பார்ப்பவர். “தெரியுதும்மா. நீ ஒரு வருசத்துல ஊருக்குப் போயிருவே. நான்தான் இவங்ககூட இங்க இருக்கணும். பிள்ளைங்க வரலன்னா மேலேருந்து கேப்பாங்க. சின்னப் பள்ளிக்கூடத்தை மூட ஒரு காரணம் போதும்.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கூகைக்காகப் பள்ளியைப் பறிகொடுக்க முடியாது. ஆனால் பள்ளி என்பது அந்தக் கூரைதானா? அந்தக் கேள்வி எழுந்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

“சார், தவணை விடுமுறை வரைக்கும் நேரம் கொடுங்க. அதுக்குள்ள குஞ்சுகள் பறந்திரும். அதுவரைக்கும் பிள்ளைங்க இங்க வர வேணாம். நான் அவங்ககிட்டப் போறேன்.”

“எங்க?”

“பெரட்டுக் களத்துக்கு.”

விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. கூரை போட்ட திறந்த கொட்டகை. எல்லோரும் வேலைக்குப் போன பிறகு மதியம்வரை காலியாகக் கிடக்கும். தோட்டத்து உதவி நிர்வாகியிடம் நானே போய்க் கேட்டேன். எல்லோரும் அவரைச் சின்னத் துரை என்பார்கள். விவசாயம் படித்து வந்திருந்த சீன இளைஞர். கூகைகளைக் கொண்டுவந்து விட்டவரே அவர்தான். என்னைவிட அவருக்குத்தான் குஞ்சுகள் மேல் கவலை. சாவியே இல்லாத கொட்டகைக்குச் சாவி கொடுப்பதுபோல அவ்வளவு சந்தோஷமாகச் சம்மதித்தார்.

சுமக்கக்கூடிய கரும்பலகையை இரண்டு பேராகத் தூக்கிவந்து தூணில் சாய்த்தோம். முதல் நாள் பாதிப் பேர். இரண்டாம் நாள் ஏறக்குறைய எல்லோரும். கஸ்தூரி முன்வரிசையில். திண்ணையும் சுவரும் இல்லாத வகுப்பு. மழை சாய்ந்து அடித்தால் நாற்பக்கமும் நனைவோம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும்போது பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். ஆனால் பாடம் நடந்தது.

பள்ளியில் நான் மட்டும் மத்தியான வேளையில் ஏணி போட்டு மேலே பார்ப்பேன். கூகை தின்ற எலியின் முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகள் பலகை மேல் உலர்ந்து கிடந்தன. சிலவற்றைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துப் போனேன். கொட்டகையில் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் எலி மண்டை ஓடுகள், தாடைகள், ஊசி போன்ற விலா எலும்புகள். முதலில் ‘ஐயே’ என்று ஒதுங்கியவர்கள் அடுத்த பத்தாவது நிமிடம் எலும்பைப் பொருத்தி முழு எலியைச் செய்வதில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

வேலை முடிந்து திரும்பிய அஞ்சலை அக்கா கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

“எல்லாம் எலியா?”

“எலிதான் அக்கா.”

“இத்தனையா?” என்றார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யோஷிகோ வந்த சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை யோஷிகோ பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டவள் குதிக்காத குறை. “உன் பள்ளியில் ஆந்தை கூடு கட்டியிருக்கிறதா? எவ்வளவு அதிர்ஷ்டம்!” என்றாள். அவளை வாயை மூடிக்கொண்டு வரச்சொல்லி லயத்துக்கு அழைத்துப் போனேன். அவள் வாயை மூடிக்கொண்டு வரவில்லை.

அஞ்சலை அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். யோஷிகோ கும்பிட்டு, குனிந்து வணங்கி, எல்லாம் சேர்த்துச் செய்துவிட்டு மலாயில் பேச்சைத் தொடங்கினாள். அக்காவுக்குக் கடைத்தெரு மலாய் நன்றாக வரும். சற்று நேரத்தில் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள்.

ஒரு தமிழச்சிக்கும் ஜப்பான்காரிக்கும் நடுவில் இன்னொரு தமிழச்சியான நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். ‘சுவாமி’ என்ற சொல் காதில் விழுந்தது. கணவனுக்கு மலாயில் அதுதான் சொல். அக்கா வாசலைக் காட்டினார். கூரையைக் காட்டினார். யோஷிகோவின் முகம் மாறியது. அவள் ஏதோ மெல்லச் சொன்னாள். அக்கா கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். யோஷிகோ தலையை ஆட்டினாள்.

நான் பொறுக்க முடியாமல், “என்ன அக்கா சொல்றா?” என்றேன்.

“இந்தப் பிள்ளைக்கும் அப்பா இல்லையாம் டீச்சர். சின்னதுலயே போயிட்டாராம். அப்புறம் இவங்க அம்மா மரத்துல செஞ்ச கூகை ஒண்ண வாங்கியாந்து வீட்டுல வச்சாங்களாம். அவங்க பாசையில அதும் பேரக் கொஞ்சம் மாத்திச் சொன்னா கஷ்டம் இல்லன்னு அர்த்தம் வருமாம். வந்தது போதும், இனிமே வரக்கூடாதுன்னு வைக்கிறதாம்.”

“நீங்க என்ன கேட்டீங்க?”

“அதுக்கப்புறம் வந்துச்சான்னு கேட்டேன். சில்லறைக் கஷ்டமெல்லாம் வந்துச்சாம். ஆனா அம்மா நல்லா இருக்காங்களாம். இவளப் படிக்க வச்சிட்டாங்களாம்.”

யோஷிகோ எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். அக்கா துணியை உதறிக் கொடியில் போட்டார். “சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க,” என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டு, “நானே சொல்லிக்கிறேன், உங்களுக்குத்தான் மலாய் வராதே,” என்று அவளிடமே சொன்னார்.

இதில் யார் மனமும் ஒரே நொடியில் மாறிவிட்டதாக நான் எழுத மாட்டேன். அக்கா கூகையை நல்ல சகுனம் என்று அன்றும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. ஆனால் எலும்பும் மண்டை ஓடும் காட்டி நான் சொல்லத் தெரியாமல் விட்ட ஏதோ ஒன்றை யோஷிகோ கொடியடியில் நின்று சொல்லிவிட்டாள். அவளிடம் நான் அதை அப்போதே சொன்னேன். ‘உன் பறவையைப் பற்றித்தானே பேசினேன்’ என்றாள்.

ஏணி

இரண்டு மூன்று நாள் கழித்து, மத்தியானம் நான் ஏணியைச் சாய்க்கும்போது பின்னால் ஆள் அரவம் கேட்டது. அஞ்சலை அக்கா. தலையில் கட்டிய துண்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்.

“நகருங்க டீச்சர். நான் பாக்கணும்.”

“நாத்தம் அடிக்கும் அக்கா.”

“நான் பாக்காத நாத்தமா?”

பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பலகையை நகர்த்தி, தலையை உள்ளே கொடுத்தார். சீறல் பெரிதாகக் கேட்டது. அவர் பின்வாங்கவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றார். என்ன நினைத்தாரோ, யாரோடு பேசினாரோ, எனக்குத் தெரியாது. நான் அவருடைய பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்தார்.

“மூணு இருக்கு. ஒண்ணு கொஞ்சம் சவலை,” என்றார். “மூஞ்சிய வச்சிக்கிட்டு எப்பிடி மொறைக்குது பாத்தீங்களா? குளிப்பாட்டாத பிள்ள மாதிரி இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னார்: “மழையில பிள்ளைங்க எத்தன நாளைக்கு நனையும்? கஸ்தூரிய நாளைக்கு இங்கயே வரச் சொல்றேன். அதுங்களுக்கு நேர்கீழ மட்டும் உக்கார வைக்காதீங்க.”

“மத்தவங்க?”

“நான் சொல்றேன்லா.”

சொன்னார். எப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் மணி அடித்தபோது முற்றம் நிறைந்திருந்தது. மரியதாஸ் சார் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். ஒரே ஒரு குடும்பம் மட்டும் கடைசிவரை ஒப்பவில்லை. தங்கள் பையனை செரண்டாவிலிருந்த மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தவணை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாயங்காலம் குஞ்சுகள் கூரை விளிம்புக்கு வந்தன. பூப்பந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். முதல் குஞ்சு பறந்து கொடிக்கம்பத்தில் மோதி, ஒருவழியாக மரத்தில் உட்கார்ந்தது. இரண்டாவது அதன் பின்னாலேயே. சவலைக் குஞ்சு அன்று பறக்கவில்லை, மறுநாளும் பறக்கவில்லை. அதற்கடுத்த நாள் கூடு காலியாக இருந்தது. கஸ்தூரி தேர்வில் நன்றாகச் செய்தாள். பின்னாளில் கோலசிலாங்கூர் பள்ளிக்குப் போனாள், யோஷிகோ பாடம் நடத்திய அதே பள்ளி.

மரப்பெட்டி

கூடு காலியானதும் பலகையை மாற்றிக் கூரையை அடைத்தார்கள். கூகைகளுக்கு வேறு இடம் வேண்டுமே என்று சின்னத் துரை ஒரு மரப்பெட்டி செய்து, உயரமான கம்பத்தோடு லோரியில் கொண்டுவந்து இறக்கினார். லயத்துப் பக்கம் எலி அதிகம், அங்கேதான் நட வேண்டும் என்பது அவர் கணக்கு. எந்த வீட்டுப் பின்னால் என்பதுதான் சிக்கல். பள்ளியில் இருந்தபோது பொறுத்துக்கொண்டவர்கள், சொந்த வீட்டுக்குப் பின்னால் என்றதும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் வீட்டில் பிரசவம் நெருங்கியிருந்தது. இன்னொருவர் கோழி வளர்த்தார். சின்னத் துரை உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் அந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

அஞ்சலை அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “எங்க வீட்டுப் பின்னால எடம் கெடக்கு. அங்க நடுங்க. அரிசி மூட்டைய எலி வைக்க விடமாட்டேங்குது.”

அவர் வீட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

“அஞ்சல, ராத்திரியில கத்தும்லா,” என்றார் குழி தோண்ட வந்தவர், தயங்கித் தயங்கி.

“கத்தட்டுமே. நான் கத்துறத விடவா பெருசாக் கத்திறப் போவுது?”

முதலில் சிரித்தது கஸ்தூரிதான். அப்புறம் லயமே சிரித்தது. மண்வெட்டி மண்ணில் இறங்கியது. கம்பத்தைத் தூக்கி நிறுத்தியபோது அஞ்சலை அக்கா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கோணல் இல்லாமல் நிற்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்,” என்றார். “ஆங். இப்ப மண்ணத் தள்ளுங்க.”